லேப்டாப்பில் நேரடியாக ஹைப்பர்வைசர்: கற்றுக்கொள்ள எதைப் போடலாம், எங்கே சிக்கும்?

புதுவிசை
வணக்கம். சிஸ்டம் அட்மின் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். இதுவரை விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸ் ஓட்டிப் பார்த்ததோடு சரி. இனி விண்டோஸுக்கு மேலே ஓட்டாமல், லேப்டாப்பிலேயே நேரடியாக ஒரு பேர்-மெட்டல் ஹைப்பர்வைசரை (ஹார்டுவேரின் மேலேயே ஏறி, விஎம் எனப்படும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) ஏற்றிப் பழகலாம் என்று இருக்கிறேன். நான்கு கோர் இன்டெல், 16 ஜிபி ராம், 512 ஜிபி என்விஎம்ஈ. மெல்லிய மாடல் என்பதால் ஈதர்நெட் போர்ட் இல்லை, வைஃபை மட்டும். விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ நல்லதா, லினக்ஸ் அடிப்படையிலான ப்ராக்ஸ்மாக்ஸ் நல்லதா? முதலில் லேப்டாப்பில் இது உருப்படியாக ஓடுமா?

வடம்
ஓடும். ஆனால் எதைப் போடுவது என்பதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

ஒன்று, உங்களிடம் இன்னொரு கணினி இருக்கிறதா? ஹைப்பர்வைசர் ஏறிய பிறகு அந்த லேப்டாப்பின் திரையில் டெஸ்க்டாப் எதுவும் வராது. ஒரு ஐபி முகவரியும் லாகின் கேட்கும் வரியும் மட்டும்தான் தெரியும். விஎம் உருவாக்குவது, அதன் திரையைப் பார்ப்பது எல்லாமே வேறொரு கணினியின் பிரவுசரிலிருந்துதான். இது தெரியாமல் போட்டுவிட்டு, "கறுப்புத் திரை வருகிறது, இன்ஸ்டால் தோற்றுவிட்டதா?" என்று கேட்பவர்கள் நிறைய.

இரண்டு, நீங்கள் கற்க விரும்புவது விஎம்முக்குள் ஓடுவதையா, விஎம்மை ஓட்டுவதையா? லினக்ஸ் சர்வர், ஆக்டிவ் டைரக்டரி இவைதான் இலக்கு என்றால் விர்ச்சுவல்பாக்ஸே போதும். பிரிட்ஜ் (விஎம்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்), ஸ்டோரேஜ், மைக்ரேஷன், பேக்கப் என்று ஹைப்பர்வைசரையே படிக்க வேண்டுமென்றால்தான் இந்தப் பாடெல்லாம் படுவதில் அர்த்தம் உண்டு.

புதுவிசை
பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. பிரவுசர் திறக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஹைப்பர்வைசரைத்தான் படிக்க வேண்டும், குறிப்பாக நெட்வொர்க் பக்கம். வேலை விளம்பரங்களில் விஎம்வேர் என்று போட்டிருக்கிறார்கள். அதனால் ஈஎஸ்எக்ஸ்ஐ பக்கம் சாய்கிறேன்.

பழையபலகை
ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களுக்காகச் செய்யப்பட்டது. லேப்டாப்பில் போடும்போது அது ஒவ்வொரு அடியிலும் தெரியும்.

முதல் சுவர் நெட்வொர்க் கார்டு. வைஃபைக்கு ஈஎஸ்எக்ஸ்ஐயில் ஆதரவே கிடையாது. 7.0 பதிப்பில் பழைய லினக்ஸ் டிரைவர்களை ஓட்டிவந்த அடுக்கையே எடுத்துவிட்டார்கள். அதுவரை வெளியாள் டிரைவரைக் கோத்து எப்படியோ ஓடிக்கொண்டிருந்த ரியல்டெக் கார்டுகள் அத்தோடு வெளியே போயின. பல லேப்டாப்களில் இருப்பது அந்த மாதிரி கார்டுதான். நெட்வொர்க் கார்டு எதுவும் தெரியவில்லையென்றால் இன்ஸ்டாலரே பாதியில் நின்றுவிடும். யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர்களுக்கு விஎம்வேர் பொறியாளர்கள் ஃபிளிங் என்ற பெயரில் ஒரு டிரைவர் வெளியிட்டார்கள். அதை இன்ஸ்டாலர் ஐஎஸ்ஓவுக்குள் சேர்த்துத் தயாரித்துத்தான் போட வேண்டும்.

இரண்டாவது, ராம். 8.0-க்குக் குறைந்தபட்சமே 8 ஜிபி. உங்கள் 16-இல் அது தன் பங்கை எடுத்தது போக மீதிதான் விஎம்களுக்கு.

மூன்றாவது, 12-ஆம் தலைமுறை முதல் வரும் இன்டெல் கலப்புக் கோர் பிராசஸர்களில், எல்லாக் கோரும் ஒரே மாதிரி இல்லையே என்று பூட்டின்போதே ஊதா நிறத் திரையோடு விழும். பூட் ஆப்ஷனில் அந்தச் சோதனையை அணைத்தால் ஓடும். உங்களுடையது நான்கு கோர் என்பதால் அநேகமாகப் பழைய தலைமுறை, இது உங்களைத் தொடாது.

இலவசப் பதிப்பின் கதை தனி. பிராட்காம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கியது, 2024 பிப்ரவரியில் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ நிறுத்தப்பட்டது, 2025 ஏப்ரலில் 8.0 அப்டேட் 3ஈ-யோடு திரும்ப வந்தது. நாளை என்ன ஆகுமோ, அதை வைத்துத் திட்டம் போட மாட்டேன்.

மின்னல்வரி
பழையபலகை சொன்னதில் தப்பில்லை. ஆனால் "விஎம்வேரை விடு" என்று முடிவு கட்டுவதை ஏற்க மாட்டேன். விளம்பரத்தில் அந்தப் பெயர் இருந்தால் நேர்காணலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஆனால் அவர்கள் கேட்பதில் பெரும்பகுதி, பல ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டுகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டர் சம்பந்தப்பட்டது: கிளஸ்டர், விமோஷன் (ஓடும் விஎம்மை நகர்த்துவது), எச்ஏ (ஹோஸ்ட் விழுந்தால் விஎம்மை வேறு ஹோஸ்டில் எழுப்புவது), டிஆர்எஸ் (சுமையைப் பங்கிடுவது). இலவச ஈஎஸ்எக்ஸ்ஐயை விசென்டரோடு இணைக்கவே முடியாது. ஒரு விஎம்முக்கு எட்டு விசிபியூ (மெய்நிகர் சிபியூ) என்ற வரம்பும் உண்டு. அதனால் அடாப்டரும் ஃபிளிங்கும் தேடி லேப்டாப்பில் ஈஎஸ்எக்ஸ்ஐயை ஏற்றினாலும், கேட்கப்போகும் விஷயத்தில் பாதியை அதில் தொட முடியாது.

நான் செய்வது இது. ப்ராக்ஸ்மாக்ஸை நேரடியாகப் போட்டு, அதற்குள் ஒரு விஎம்மாக ஈஎஸ்எக்ஸ்ஐயை ஓட்டுகிறேன். விஎம்முக்கு விஎம்எக்ஸ்நெட்3 நெட்வொர்க் கார்டைக் கொடுத்தால் ஈஎஸ்எக்ஸ்ஐக்கு அது சொந்தக் கார்டு மாதிரி, டிரைவர் தேட வேண்டியதே இல்லை. சிபியூ வகையை மட்டும் 'ஹோஸ்ட்' என்று மாற்ற வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸ் 8 முதல் புதிய விஎம்முக்கு இயல்பாக வரும் சிபியூ வகை ஒரு பொது மாடல். அதில் விடி-எக்ஸ் (விஎம் ஓட்ட இன்டெல் சிபியூ தரும் வசதி) உள்ளே தெரியாது, ஈஎஸ்எக்ஸ்ஐ உடனே முரண்டு பிடிக்கும்.

ஆமாம், மெதுவாகத்தான் ஓடும். மெனு எங்கே இருக்கிறது, விஸ்விட்ச் எப்படிக் கட்டுவது, டேட்டாஸ்டோர் என்றால் என்ன என்பதைப் படிக்க அந்த வேகம் போதும்.

இரவுக்காவல்
எல்லாரும் விண்டோஸை அழிப்பதிலிருந்தே ஆரம்பிக்கிறீர்கள். அந்த லேப்டாப்பில் விண்டோஸ் ப்ரோ இருந்தால் ஹைப்பர்-வி உள்ளேயே இருக்கிறது. ஒரு டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் வேலை முடிந்தது. ஹோம் பதிப்பில் மட்டும் வராது.

"அது விண்டோஸுக்கு மேலே ஓடுவதுதானே" என்று யாரும் வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: இல்லை. ஹைப்பர்-வியை இயக்கிய பிறகு முதலில் ஏறுவது ஹைப்பர்வைசர். நீங்கள் பார்க்கும் விண்டோஸ் அதற்கு மேலே ரூட் பார்ட்டிஷன் என்ற சலுகை பெற்ற இடத்தில் ஓடுகிறது. ஜென் என்ற ஹைப்பர்வைசரில் டொமைன் 0 இருப்பது போலத்தான்.

கேள்விக்குறி
அப்படியானால் ப்ராக்ஸ்மாக்ஸ்தான் பேர்-மெட்டல் இல்லை. அது டெபியன் லினக்ஸ், அதன் கர்னலில் விஎம் ஓட்டும் கேவிஎம் என்ற பகுதி. ஒரு ஓஎஸ்ஸுக்கு மேலே ஓடினால் டைப் 2 தானே?

பழையபலகை
இந்தச் சண்டை வராத இழையே கிடையாது :) டைப் 1 (பேர்-மெட்டல்), டைப் 2 (ஓஎஸ்ஸுக்கு மேலே) என்ற பிரிப்பு கணினி ஆய்வாளர் கோல்ட்பெர்க் 1973-இல் எழுதிய ஆய்வேட்டிலிருந்து வருவது. அப்போது, இன்றைய பிசிக்களில் இருக்கும் எக்ஸ்86 சிபியூ என்ற ஒன்றே கிடையாது. 2007-இல் 2.6.20 கர்னலோடு கேவிஎம் வந்தபோது லினக்ஸ் கர்னலே ஹைப்பர்வைசராக மாறிவிட்டது. ஹார்டுவேருக்கும் விஎம்முக்கும் நடுவே அந்தக் கர்னலைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதே கர்னல் சாதாரண புரோகிராம்களையும் ஓட்டும் என்பதால் டைப் 2 என்று வாதிடுபவர்களும் உண்டு. கற்றுக்கொள்பவருக்கு இதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. நேர்காணலில் கேட்டால் இரண்டு பக்கமும் சொல்லுங்கள், மதிப்பெண் கூடும்.

கேள்விக்குறி
சரி. ஆனால் என் அடிப்படைச் சந்தேகம் அப்படியே நிற்கிறது. ஒரே லேப்டாப், வைஃபை, ஒரே டிஸ்க். இதில் என்ன டேட்டா சென்டர் பழகப் போகிறார்? கிளவுடில் ஒரு மெஷின் எடுத்துக்கொள்ளலாமே.

வடம்
கிளவுடில் எடுப்பது ஏற்கெனவே யாரோ ஓட்டும் ஹைப்பர்வைசரின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு விஎம். அடியில் இருக்கும் பிரிட்ஜையோ ஸ்டோரேஜையோ உங்களால் தொட முடியாது. அவர் தொட வேண்டும் என்பதுதானே இங்கே பேச்சு.

புதுவிசை, என் யோசனை ப்ராக்ஸ்மாக்ஸ். உங்கள் ஹார்டுவேரோடு சண்டை போடாது, லினக்ஸ் அடிப்படையும் கூடவே வரும், மின்னல்வரி சொன்னபடி விஎம்வேரையும் உள்ளே வைத்துப் பார்க்கலாம். போடுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை:

பயாஸில் விடி-எக்ஸ், விடி-டி (ஹார்டுவேரை விஎம்முக்கு நேரடியாகக் கொடுக்க உதவுவது) இரண்டையும் ஆன் செய்யுங்கள். சில லேப்டாப்களில் 'செக்யூரிட்டி' மெனுவுக்குள்ளோ 'அட்வான்ஸ்டு' மெனுவுக்குள்ளோ ஒளிந்திருக்கும். செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை, ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் அதோடு ஒத்துப்போகிறது.

விண்டோஸில் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால், பயாஸில் கை வைப்பதற்கு முன் ரெகவரி கீயை எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். பயாஸ் மாற்றத்துக்குப் பிறகு அது கீ கேட்டு நின்றால், கீ இல்லாமல் உள்ளே போக வழியே இல்லை. விண்டோஸ் 11-இல் நீங்கள் கேட்காமலேயே டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருக்க வாய்ப்பு உண்டு, 'எனக்கு அது இல்லை' என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இன்ஸ்டாலரில் டிஸ்க் தெரியவில்லை என்றால் ஸ்டோரேஜ் 'ஆர்எஸ்டி' அல்லது 'விஎம்டி' முறையில் இருக்கலாம், அதை ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும். ஆனால் விண்டோஸை வைத்துக்கொண்டே அதை மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம்.

ப்ராக்ஸ்மாக்ஸ் இன்ஸ்டாலர் முழு டிஸ்கையும் எடுத்துக்கொள்ளும். டூயல் பூட் என்ற பேச்சே அதில் இல்லை. விண்டோஸ் அப்படியே இருக்க வேண்டுமென்றால் ப்ராக்ஸ்மாக்ஸை வெளி எஸ்எஸ்டி ஒன்றில் போடுங்கள். யூஎஸ்பி 3-இல் செருகினால் பழகுவதற்குத் தாராளம். பென் டிரைவில் மட்டும் போடாதீர்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் ஓயாமல் லாக் எழுதும், பென் டிரைவ் அதைத் தாங்காது. டார்கெட் டிஸ்க் கேட்கும் திரையில் கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்த பிறகே அடுத்த பட்டன்.

ஃபைல்சிஸ்டம் கேட்டால் இயல்பாக வரும் இஎக்ஸ்டி4 இருக்கட்டும். அதோடு எல்விஎம்-தின் என்ற டிஸ்க் பங்கீட்டு முறையும் வந்துவிடும், ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேர நிலையின் பதிவு) எடுக்கலாம். இசட்எஃப்எஸ் அருமையான விஷயம்தான், ஆனால் ஒற்றை டிஸ்கில் அதன் பெரிய பலன் கிடைக்காது, சாதாரண எஸ்எஸ்டியில் எழுதப்படும் டேட்டாவின் அளவும் கூடும்.

புதுவிசை
ரொம்ப நன்றி. யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்றை இரவல் வாங்கி, 1 டிபி வெளி எஸ்எஸ்டியில் ப்ராக்ஸ்மாக்ஸ் 9 போட்டுவிட்டேன். பழைய லேப்டாப்பிலிருந்து 8006 போர்ட்டில் வெப் பக்கம் வருகிறது. அப்டேட் மட்டும் பிழை காட்டுகிறது, 401 என்று ஏதோ.

இரவுக்காவல்
ப்ராக்ஸ்மாக்ஸின் என்டர்பிரைஸ் ரெப்போ (அப்டேட் வரும் கிடங்கு) சந்தா இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பும். நோடின் 'ரெப்பாசிட்டரீஸ்' பக்கத்தில் அதை டிசேபிள் செய்து 'நோ-சப்ஸ்கிரிப்ஷன்' என்பதைச் சேருங்கள். செஃப் என்ற ஸ்டோரேஜ் மென்பொருளின் ரெப்போவுக்கும் அதே. லாகின் செய்யும்போது வரும் சந்தா அறிவிப்பு வந்துகொண்டேதான் இருக்கும், ஓகே அழுத்திவிட்டுப் போகலாம்.

புதுவிசை
அது சரியாகிவிட்டது. இப்போது பெரிய சிக்கல். அடாப்டரைத் திருப்பித் தர வேண்டும், அதனால் வைஃபைக்கு மாறப் பார்த்தேன். டபிள்யூபிஏ சப்ளிகன்ட் (வைஃபையில் இணைக்கும் புரோகிராம்) போட்டு ஹோஸ்டை வைஃபையில் இணைத்தாயிற்று, பிங் போகிறது. ஆனால் விஎம்பிஆர்0 பிரிட்ஜில் வைஃபை கார்டைச் சேர்த்தால் 'ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்' என்கிறது. விஎம் எதற்கும் ஐபி கிடைக்கவில்லை. கார்டு டிரைவர் பழுதா?

வடம்
டிரைவர் நன்றாகத்தான் இருக்கிறது. எந்த லேப்டாப்பிலும் இப்படித்தான் ஆகும்.

ஈதர்நெட் பிரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு விஎம்முக்கும் தனி மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்). விஎம் அனுப்பும் ஃபிரேம் (டேட்டாத் துண்டு) அந்த முகவரியோடேயே கேபிள் வழியாக வெளியே போகிறது. எதிர்ப் பக்கத்து ஸ்விட்ச், "இந்தப் போர்ட்டுக்குப் பின்னால் ஐந்து மேக் முகவரிகள் இருக்கின்றன" என்று தானாகவே கற்றுக்கொள்கிறது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

வைஃபையில் அப்படி இல்லை. ஒரு கருவி முதலில் ஆக்சஸ் பாயின்ட்டிடம் தன் மேக் முகவரியைச் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். சாவிப் பரிமாற்றம் நடப்பதும் அந்த முகவரிக்குத்தான். நீங்கள் பதிந்தது லேப்டாப்பின் வைஃபை கார்டை மட்டும். விஎம்மின் முகவரியோடு ஒரு ஃபிரேம் போனால் ஆக்சஸ் பாயின்ட் அதை ஏற்காது. திரும்பி வரும் வழியிலும் இதே கதை. சாதாரண வைஃபை ஃபிரேமில் மூன்று முகவரிக்குத்தான் இடம்: பெறும் ரேடியோ, அனுப்பும் ரேடியோ, மறுமுனை. பெறும் ரேடியோவும் அதற்குப் பின்னால் இருக்கும் கருவியும் வேறு வேறு என்று சொல்ல நான்காவது ஒன்று வேண்டும். நான்கு முகவரி முறை என்று ஒன்று உண்டு, ஆனால் ஆக்சஸ் பாயின்ட்டும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும், வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் ஒத்துழைக்காது. இதெல்லாம் தெரிந்துதான் லினக்ஸ் கர்னல் முதலிலேயே மறுத்துவிடுகிறது.

வழி: பிரிட்ஜை விட்டுவிட்டு ரவுட்டிங்குக்குப் போங்கள். விஎம்பிஆர்0-வில் எந்தக் கார்டையும் சேர்க்காமல் காலியாக வையுங்கள். அதற்கு 10.10.10.1/24 போல ஒரு முகவரி கொடுங்கள். வீட்டு ரவுட்டர் பயன்படுத்தும் வரிசையும் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடாது, இருந்தால் பாக்கெட் எங்கே போவது என்று தெரியாமல் திணறும். கர்னலில் ஐபி ஃபார்வர்டிங்கை ஆன் செய்து, 10.10.10-இலிருந்து வைஃபை வழியாக வெளியேறும் எல்லாவற்றுக்கும் மாஸ்கரேட் விதி ஒன்று போடுங்கள். இப்போது வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் லேப்டாப்பின் முகவரியோடு போகும், ஆக்சஸ் பாயின்ட்டுக்குப் புகார் இருக்காது. ஐபியைக் கையால் கொடுக்க அலுப்பாக இருந்தால் டிஎன்எஸ்மாஸ்க் போட்டு அந்தப் பிரிட்ஜில் மட்டும் டிஎச்சிபி கொடுக்க வையுங்கள். 'அந்தப் பிரிட்ஜில் மட்டும்' என்பது முக்கியம். இல்லையென்றால் அடுத்த முறை கேபிள் செருகும்போது வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் உங்கள் லேப்டாப் ஐபி வழங்க ஆரம்பிக்கும்.

வெளியிலிருந்து விஎம்முக்குள் நேரடியாக வர முடியாது. போர்ட் ஃபார்வர்ட் போடலாம், அல்லது பழைய லேப்டாப்பில் '10.10.10-க்குப் போக ப்ராக்ஸ்மாக்ஸின் வைஃபை ஐபி வழி' என்று ஒரு ஸ்டாட்டிக் ரூட் சேர்க்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், சுத்தமாக இருக்கும்.

இரவுக்காவல்
ஒரு சின்னச் செருகல்: ஹைப்பர்-வியில் எக்ஸ்டர்னல் ஸ்விட்சை வைஃபை கார்டோடு கட்டலாம். உள்ளே மேக் முகவரியை மாற்றி மாற்றி அனுப்பிச் சமாளிக்கிறது. வசதிதான். ஆனால் வடம் மேலே எழுதியதைப் படிக்கும் அவசியமே வராமல் போய்விடும், நெட்வொர்க் படிக்க வந்தவருக்கு அது நஷ்டம்.

கேள்விக்குறி
இத்தனை வருடமாக வைஃபை பயன்படுத்துகிறேன், இந்த மூன்று முகவரி விஷயம் இன்றுதான் தெரியும். சரி, லேப்டாப் யோசனைக்கு என் எதிர்ப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன் :)

பழையபலகை
வடம் சொன்னது வேலை செய்ய ஆரம்பித்த பிறகு இன்னொரு அடி போகலாம். விஎம்பிஆர்1 என்று இன்னொரு காலிப் பிரிட்ஜ் உருவாக்குங்கள். ஓபிஎன்சென்ஸ் ஃபயர்வால் ஒன்றை விஎம்மாகப் போட்டு, அதன் ஒரு நெட்வொர்க் கார்டை விஎம்பிஆர்0-விலும் இன்னொன்றை விஎம்பிஆர்1-லும் வையுங்கள். மற்ற விஎம்கள் எல்லாம் விஎம்பிஆர்1-க்குப் பின்னால். அந்த உள் நெட்வொர்க்கில் டிஎச்சிபி, டிஎன்எஸ், ஃபயர்வால் விதி எல்லாம் உங்கள் கையில். எத்தனை தடவை உடைத்தாலும் வீட்டில் யாரும் "நெட் வரலையே" என்று சத்தம் போட மாட்டார்கள். லேப்டாப்புக்குள்ளேயே முகவரி இரண்டு தடவை மாறுகிறதே (இரட்டை நேட்) என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பழகும் இடத்தில் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

புதுவிசை
காலிப் பிரிட்ஜும் மாஸ்கரேடும் வேலை செய்கின்றன. டெபியன் விஎம் இணையத்துக்குப் போகிறது. டிசிபிடம்ப் வைத்து ஹோஸ்டில் பார்த்தால் பிரிட்ஜில் 10.10.10.5 என்று வருவது வைஃபையில் லேப்டாப்பின் ஐபியாக மாறிப் போவது கண்ணுக்கே தெரிகிறது. அடாப்டரைத் திருப்பித் தராமல் ஒன்று வாங்கிவிடலாமா என்றும் தோன்றுகிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்தது விண்டோஸ் சர்வர். 180 நாள் மதிப்பீட்டுப் பதிப்பை இறக்கி விஎம் உருவாக்கினேன். இன்ஸ்டாலரில் டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கிறது.

மின்னல்வரி
டிஸ்க் கன்ட்ரோலர், விஎம்களுக்கென்றே உள்ள விர்ட்ஐஓ ஸ்கஸி. லினக்ஸ் கர்னலில் அதற்கான டிரைவர் எப்போதும் உண்டு, விண்டோஸ் இன்ஸ்டாலரில் கிடையாது. விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவை இறக்கி இரண்டாவது சிடி டிரைவாகச் சேர்த்து, 'லோட் டிரைவர்' கொடுத்து விஐஓஸ்கஸி ஃபோல்டரில் உங்கள் விண்டோஸ் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டால் முடிந்ததும் அதே சிடியில் இருக்கும் கெஸ்ட் டூல்ஸை ஓட்டிவிடுங்கள். நெட்வொர்க் கார்டு, பலூன் டிரைவர் (விஎம்மின் ராம் பயன்பாட்டை ஹோஸ்டுக்குச் சொல்வது), ஏஜென்ட் எல்லாம் ஒரே மூச்சில் ஏறிவிடும். பலூன் இல்லாவிட்டால் விண்டோஸ் சும்மா இருந்தாலும் ப்ராக்ஸ்மாக்ஸ் அதன் ராம் முழுக்க நிரம்பியதாகக் காட்டும், பயந்துவிடாதீர்கள்.

16 ஜிபிக்கு என் கணக்கு: ஹோஸ்டுக்கு 2, விண்டோஸ் சர்வருக்கு 4, ஃபயர்வாலுக்கு 2, லினக்ஸ் விஎம் தலா 1. டெஸ்க்டாப் இல்லாத சர்வர் கோர் பதிப்பைப் போட்டால் விண்டோஸுக்கு 2-ஏ போதும். டிஎன்எஸ், வெப் சர்வர் மாதிரி சின்ன வேலைகளுக்கு விஎம் வேண்டாம், ஹோஸ்டின் கர்னலையே பகிர்ந்துகொள்ளும் எல்எக்ஸ்சி கன்டெய்னர் போடுங்கள். 256 எம்பியில் அமைதியாக ஓடும்.

கேள்விக்குறி
ஹார்டுவேர் பக்கம் யாரும் பேசவில்லையே. லேப்டாப்பை மூடினால் தூங்கிவிடாதா? நாள் முழுக்கச் சார்ஜரிலேயே இருந்தால் பேட்டரி என்ன ஆகும்?

வடம்
தூங்கிவிடும். ஓடும் விஎம்கள் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். சிஸ்டம்டியின் லாகின்டி கான்ஃபிக் கோப்பில் 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' என்பதற்கு 'இக்னோர்' கொடுத்து அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மூடாமல் வைப்பவர்கள் கர்னல் வரியில் 'கன்சோல்பிளாங்க்' மதிப்பு 300 கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் திரை அணையும்.

பேட்டரியில்தான் உண்மையான ஆபத்து. சூட்டிலும் எப்போதும் 100 சதவீதச் சார்ஜிலும் இருக்கும் லித்தியம் பேட்டரி காலப்போக்கில் உப்பும். பல லேப்டாப்களில் பயாஸிலேயே 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உண்டு. சிலவற்றில் லினக்ஸிலிருந்தும் டிஎல்பி என்ற கருவி மூலம் வரம்பு வைக்கலாம். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருவது போலத் தெரிந்தால், அதோடு நிறுத்திப் பேட்டரியை எடுத்துவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம்.

சில மாடல்கள் கீபோர்டு வழியாகவும் காற்றை இழுக்கும். அவற்றை மூடி வைத்து ஓட்டினால் சூடு ஏறிச் சிபியூ வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திறந்தே வையுங்கள்.

இரவுக்காவல்
அதே பேட்டரிதான் இலவச யூபிஎஸ்ஸும். கரன்ட் போனால் டெஸ்க்டாப்பில் லேப் வைத்திருப்பவர்கள் விஎம் டிஸ்க் கெட்டுப்போனதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

புதுவிசை
ஃபயர்வாலும் போட்டாயிற்று, டொமைன் கன்ட்ரோலரும் (ஆக்டிவ் டைரக்டரியை நடத்தும் விண்டோஸ் சர்வர்) ஓடுகிறது. இனி எந்த வரிசையில் பழகுவது? மனம் போன போக்கில் விஎம் உருவாக்கிக்கொண்டே இருக்கிறேன்.

மின்னல்வரி
உருவாக்குவதை நிறுத்துங்கள், உடைக்க ஆரம்பியுங்கள். ஒரு லினக்ஸ் விஎம்மை டெம்ப்ளேட் ஆக்கி அதிலிருந்து இரண்டு குளோன் எடுங்கள். உபுண்டு சர்வர் என்றால் அநேகமாக இரண்டும் ஒரே ஐபியைக் கேட்டு நிற்கும். மேக் முகவரி வேறு வேறாக இருந்தும் ஏன்? டிஎச்சிபிக்கு அவை சொல்லும் அடையாளம் மெஷின்-ஐடி கோப்பிலிருந்து வருகிறது, குளோனில் அந்தக் கோப்பும் அப்படியே நகலாகிவிட்டது. டெம்ப்ளேட் ஆக்கும் முன் அதைக் காலி செய்ய வேண்டும். முதல் பூட்டில் ஒவ்வொரு குளோனுக்கும் தனி அமைப்பைக் கொடுக்கும் கிளவுட்-இனிட் எதற்கு என்று அப்போது புரியும்.

பிறகு பேக்கப். ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், அது அதே டிஸ்கில்தான் இருக்கிறது. வேறொரு யூஎஸ்பி டிஸ்கில் ப்ராக்ஸ்மாக்ஸின் விஇசட்டம்ப் பேக்கப் எடுத்து, விஎம்மை அழித்துவிட்டு, திரும்பக் கொண்டுவாருங்கள். ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இதெல்லாம் முடிந்தால் மூன்று விஎம்களில் ப்ராக்ஸ்மாக்ஸையே மறுபடி போட்டுக் கிளஸ்டராகக் கட்டுங்கள். ஃபயர்வாலைத் தவிர மற்றவற்றை நிறுத்திவிட்டு ஆளுக்கு 3 ஜிபி கொடுத்தால் உங்கள் ராம் தாங்கும். ஒன்றை அணையுங்கள், ஒன்றும் ஆகாது. இரண்டாவதையும் அணையுங்கள். மிச்சமிருக்கும் நோடில் கோரம் (பெரும்பான்மை) போய்விடும், கான்ஃபிக் படிக்க மட்டும் என்று பூட்டிக்கொள்ளும், புதிதாக விஎம் ஸ்டார்ட் செய்ய விடாது. எல்லாம் நன்றாக இருக்கும்போது ஏன் இந்தப் பிடிவாதம் என்று தோன்றும். இரண்டு பக்கமும் உயிரோடு இருந்து நடுவில் கேபிள் மட்டும் அறுந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், விடை வந்துவிடும்.

பழையபலகை
கிளஸ்டர் விஎம்களுக்கும் சிபியூ வகை 'ஹோஸ்ட்' கொடுக்க மறக்க வேண்டாம். விஎம்வேர் படிக்கிறவருக்கும் இந்தக் கிளஸ்டர் பாடம் வீணாகாது. எச்ஏ என்ற பெயரில் அங்கே கேட்கப்படும் கேள்விகளுக்கு அடியில் இருப்பதும் இதே பிரச்சினைதான்.

புதுவிசை
கிளஸ்டரை இந்த வாரக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு நடைமுறைக் கேள்வி. இந்த லேப்டாப்பை அவ்வப்போது வேறு இடத்துக்கு எடுத்துப்போக வேண்டியிருக்கும். வைஃபை மாறினால் ஐபியும் மாறுமே, வெப் பக்கத்தை எப்படித் திறப்பது?

வடம்
உள்ளே இருக்கும் 10.10.10 உலகம் எங்கே போனாலும் மாறாது, விஎம்களுக்கு நீங்கள் நகர்ந்ததே தெரியாது. மாறுவது வைஃபை பக்கம் மட்டும். அதை டிஎச்சிபியில் விட்டுவிடுங்கள். ஹோஸ்ட்ஸ் கோப்பில் மட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் தன் பெயருக்கு எதிரே ஓர் ஐபி வைத்திருக்கும். அந்த ஐபி இல்லாமல் போனால் அதன் சர்வீஸ்கள் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கும். அங்கே மாறாத 10.10.10.1-ஐ எழுதிவிடுங்கள்.

நிர்வாகத்துக்கு நான் செய்வது வேறு. யூஎஸ்பி அடாப்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள், நீங்களே யோசித்ததுதான். அதை ஒரு தனிப் பிரிட்ஜில் போட்டு 192.168.50.1 என்று நிலையான முகவரி கொடுங்கள், கேட்வே வேண்டாம். பழைய லேப்டாப்பின் ஈதர்நெட் போர்ட்டுக்கு 192.168.50.2. இரண்டுக்கும் நடுவே ஒரே கேபிள், ரவுட்டர் தேவையில்லை. ப்ராக்ஸ்மாக்ஸின் வெப் சர்வீஸ் எல்லா முகவரியிலும் கேட்டுக்கொண்டிருக்கும், அதனால் வைஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 192.168.50.1-இன் 8006 திறக்கும். சர்வர்களில் நிர்வாக நெட்வொர்க்கைத் தனியாகப் பிரித்து வைப்பதும் இப்படித்தான்.

அடாப்டரை வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றிச் செருகினால் பெயர் மாறுமோ என்று கவலைப்பட வேண்டாம். பொதுவாக அதன் பெயர் மேக் முகவரியிலிருந்து வருவது, எந்தத் துளையிலும் அதேதான். அடாப்டரையே மாற்றினால் மட்டும் இன்டர்ஃபேசஸ் கோப்பில் புதுப் பெயரை எழுத வேண்டும். அதற்கு வெப் பக்கம் இருக்காது, லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டில் ரூட்டாக லாகின் செய்து செய்ய வேண்டியதுதான்.

புதுவிசை
பழைய லேப்டாப்பில் ஈதர்நெட் போர்ட் இருக்கிறது, இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். அடாப்டர் ஆர்டர் போட்டுவிட்டேன். கிளஸ்டரில் இரண்டாவது நோடை அணைத்த பிறகு என்ன பிழை வருகிறது என்று இங்கேயே ஒட்டுகிறேன்.